அப்பாவின் பெயரில் என் வழக்கு

விசாப் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. எந்த நாட்டிலாவது, எப்போதாவது குற்றம் செய்ததுண்டா, கைதானதுண்டா, குற்றஞ்சாட்டப்பட்டதுண்டா, தண்டனை பெற்றதுண்டா? ஆம், அல்லது இல்லை. கனடாவில் இருக்கும் தங்கச்சியின் மகளுக்குக் கலியாணம். கல்லடியில் ஒரு கடையில் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்த பெடியன், என்னைக் கேட்காமலே 'இல்லை'யை அழுத்தப் போனான்.

"கொஞ்சம் பொறு தம்பி" என்றேன்.

2014 ஓகஸ்ட். கல்முனைப் பக்கம் கூட்டாளி ஒருவன் வீட்டு விசேஷம். சாப்பாட்டுக்கு முன் கொஞ்சம், பின் கொஞ்சம். இரவு பதினொரு மணிக்கு மோட்டார் சைக்கிளில் மட்டக்களப்புக்குத் திரும்பும்போது ஏ4 வீதியில் பொலிஸார் மறித்தார்கள். பலூன் ஊதச் சொன்னார்கள். சின்னக் குழாய், அதற்குள் மஞ்சள் நிறத் துகள். நான் ஊதி முடித்ததும் பொலிஸ்காரர் அதை டோர்ச் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பச்சை. அந்தப் பச்சையை இன்றைக்கும் மறக்கவில்லை. அடுத்த நாள் நீதிமன்றம். குற்றத்தை ஏற்றுக்கொண்டேன். 7,500 ரூபாய் தண்டம், ஆறு மாதம் லைசன்ஸ் இடைநிறுத்தம். தண்டத்தைக் கட்டினேன், ஆறு மாதம் பஸ்ஸில் வேலைக்குப் போனேன், முடிந்தது என்று நினைத்தேன். பற்றுச்சீட்டை எங்கே வைத்தேன் என்று கேட்காதீர்கள்.

கடைப் பெடியன் சொன்னான்: "அண்ணன், அது சின்ன விசயம்தானே, இல்லையென்று போடுவம்." ஊரில் நிறையப் பேர் இப்படித்தான் சொன்னார்கள். நல்லவேளை, தங்கச்சி அங்கே ஒரு குடிவரவுச் சட்டத்தரணியிடம் கேட்டுவிட்டாள். பொய் சொல்லிப் பிடிபட்டால் ஐந்து வருடத்துக்குக் கதவு மூடிவிடும். உண்மையைச் சொன்னால் வழி உண்டு. கனடாவில் மதுபோதையில் வாகனம் செலுத்துவதற்கான உச்சத் தண்டனையை 2018 டிசம்பர் 18இலிருந்து பத்து வருடச் சிறையாக உயர்த்திவிட்டார்கள். அதனால் வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு அது இப்போது பாரதூரமான குற்றமாகக் கணக்கிடப்படுகிறது. என்னுடையது அந்தத் தேதிக்கு முந்தியது, ஒரே ஒரு வழக்கு. தண்டனை முழுவதும் முடிந்து பத்து வருடம் கடந்திருந்தால் திருந்தியவராகக் கருத இடமுண்டு. ஆனால் அதை வாயால் சொன்னால் போதாது. என்ன குற்றச்சாட்டு, எந்தச் சட்டப் பிரிவு, என்ன தண்டனை, எந்தத் தேதியில் முடிந்தது, எல்லாம் நீதிமன்ற முத்திரையோடு வேண்டும்.

பொலிஸ் நற்சான்றிதழ் எடுத்தால் போதும் என்று முதலில் நினைத்தேன். அது வேறு, இது வேறு. அதற்கு இணையத்தில் விண்ணப்பித்தால் கொழும்பில் பொலிஸ் தலைமையகத்திலிருந்து தருவார்கள். அந்தத் தாளில் ஒன்றுமே இல்லையென்று வந்தாலும் படிவத்தின் கேள்விக்கு என் பதில் 'ஆம்'தான். தண்டனை நடந்தது நடந்ததுதான். இரண்டையும் தனித்தனியே எடுக்க வேண்டும்.

சரி, எங்கே போவது? சிலர் தபாற்கந்தோரில் கட்டும் தண்டச் சீட்டோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். வேகம், சமிக்ஞை மீறல் போன்றவற்றுக்குத்தான் அந்தச் சீட்டு. மதுபோதை வழக்கு அப்படி முடியாது. ஆளை நீதவான் முன் நிறுத்தியே ஆக வேண்டும். ஆகவே பதிவு நீதிமன்றத்தில் கோவையாக இருக்கும். தேட வேண்டியது அங்கேதான்.

எந்த நீதிமன்றம் என்பதில் நானே சொதப்பினேன். எங்கள் கரையில் மட்டக்களப்பு மாவட்டமும் அம்பாறை மாவட்டமும் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. வீடு முடிகிற இடத்தில் வீடு தொடங்குகிறது. இரவில், அதுவும் அந்த நிலையில், எல்லையை யார் பார்த்தது? மட்டக்களப்புப் பக்கத்தில்தான் மறித்தார்கள் என்று பதினொரு வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்க நீதிமன்றத்துக்குப் போய் அரை நாள் வரிசையில் நின்றேன். "அந்த மாதத்தில் உங்கட பேரில ஒண்டும் இல்லை" என்றார்கள். கூட்டாளிக்கு அழைத்தேன். "டேய், உன்னைப் பிணை எடுக்க நான் வந்தது இஞ்சால பக்கத்துக் கோட்ஸுக்கு" என்று சிரித்தான்.

இரண்டாவது நீதிமன்றத்தில் பதிவாளர் அலுவலகத்தில் வழக்கிலக்கம் கேட்டார்கள். இல்லை. தேதி? ஓகஸ்ட், நடுப்பகுதி. பெயரை எழுதிக் கொடுத்தேன். பழைய பதிவேட்டை எடுத்து, நான் பார்த்துக்கொண்டிருக்கவே விரலால் வரிவரியாகப் போனார் ஒரு உத்தியோகத்தர். அந்த மாதத்தில் போக்குவரத்து வழக்குகள் மட்டும் எத்தனை பக்கம்! என் பெயர் இல்லை. இலக்கம் இல்லாமல் கோவை எடுக்க முடியாது என்றார், கோபமாக அல்ல.

வெளியே மரத்தடியில் பெட்டிசம் எழுதும் ஒரு வயதான ஐயா இருந்தார். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு என் கதையைக் கேட்டார். "பேரைத் தேடாத மனே. பேரை ஆர் எப்பிடி எழுதினான் எண்டு ஆருக்குத் தெரியும். நம்பரைத் தேடு. பொலிஸில இருக்கும்" என்றார். அறிவுரைக்குக் காசு வாங்கவில்லை. பிறகு அவரிடமே சத்தியக் கடதாசி தட்டச்சுச் செய்வித்தேன்.

பொலிஸ் நிலையத்தில் போக்குவரத்துப் பிரிவு முழுக்கப் புது முகங்கள். வாய்மொழியாகக் கேட்டால் பழைய புத்தகத்தை இறக்கி யார் தேடுவார்? அவர்களையும் குறை சொல்ல முடியாது, வெளியே ஒரு விபத்து வழக்குக்காரக் கூட்டம் நின்றுகொண்டிருந்தது. அதனால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்டேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. எதற்குக் கேட்கிறாய் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழிலேயே எழுதலாம். விண்ணப்பம் கிடைத்ததற்கு எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும். அதை வாங்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள், நாட்கணக்குத் தொடங்குவதற்குச் சான்று அதுதான். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

இந்த விண்ணப்பத்தில் கேள்வியைச் சுருக்கமாக வைத்ததுதான் நான் செய்த ஒரே கெட்டிக்காரத்தனம். 'என் வழக்கு விபரங்கள் அனைத்தையும் தரவும்' என்று எழுதினால் அது எங்கோ போய் நிற்கும். நான் கேட்டது மூன்றே மூன்று: எந்தத் தேதியில், எந்த நீதிமன்றத்தில், எந்த வழக்கிலக்கத்தின் கீழ் என்னை முற்படுத்தினீர்கள். கூடவே மோட்டார் சைக்கிள் இலக்கத்தைக் கொடுத்தேன். ஆள் பெயர் மாறினாலும் வண்டி இலக்கம் மாறாதே. என் பழைய அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதினேன்.

மூன்றாவது வாரம் பதில் வந்தது. ஒரு தாள், மூன்று வரி. வழக்கிலக்கம் இருந்தது.

இலக்கத்தோடு போனதும் அதே உத்தியோகத்தர் அதே பதிவேட்டை எடுத்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. விரலை ஒரு வரியில் வைத்து என்னைப் பார்த்தார். "இது ஆர், உங்கட அப்பாவா?"

அப்பாவின் பெயரைச் சந்தேகநபராகவும் என் பெயரை முன்னால் ஒரு முதலெழுத்தாகவும் எழுதியிருந்தார்கள். எங்கள் பெயர் முறையில் இது யாருக்கும் நடக்கலாம். அப்பா 1999இல் காலமானவர். சாராயத்தை மோந்துகூடப் பார்க்காத மனுஷன். அவர் 2014இல் வெறியில் மோட்டார் சைக்கிள் ஓடியதாகப் பதிவேடு சொல்கிறது. உத்தியோகத்தர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு பாதிதான் வந்தது.

கோவையின் சான்றுபடுத்திய பிரதி எடுக்க ஒரு சட்டத்தரணி மூலம் நகர்த்தல் பத்திரம், அதாவது நீதவானிடம் அனுமதி கேட்கும் எழுத்து விண்ணப்பம், போட்டேன். நீதவான் அனுமதித்த பிறகுதான் பதிவறையிலிருந்து கோவையை எடுப்பார்கள். கட்டணம் பெரிதல்ல. சட்டத்தரணிக்குக் கொடுப்பதுதான் செலவு. விண்ணப்பத்திலேயே மூன்று பிரதி என்று கேட்டுவிடுங்கள், இன்னொரு தடவை அலைய வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் நீதிமன்றங்களும் வருகின்றன, ஆனால் வழக்குக் கோவைக்கு இந்த வழிதான் நேர்வழி.

பத்து நாளில் கையில் கிடைத்தது. ஒரு மனுஷனைப் பதினொரு வருடம் துரத்திய விசயம் நாலு தாளுக்குள் அடங்கியிருந்தது. முதல் தாள் குற்றப்பத்திரம்: மோட்டார் போக்குவரத்துச் சட்டம், 151ஆம் பிரிவு. அடுத்தது நாட்குறிப்புத் தாள், கையெழுத்து அவசரமாக ஓடுகிறது. குற்றத்தை ஏற்றுக்கொள்கிறார். தண்டம் 7,500 ரூபாய். செலுத்தத் தவறின் ஒரு மாதச் சிறை. அனுமதிப்பத்திரம் ஆறு மாதம் இடைநிறுத்தம். கீழே வேறு மையில்: தண்டம் செலுத்தப்பட்டது, பற்றுச்சீட்டு இலக்கம், தேதி. நான் தொலைத்த சீட்டின் இலக்கம் அங்கே இருந்தது. (இப்போது இதே குற்றத்துக்குத் தண்டம் 25,000 ரூபாயில் தொடங்குகிறது. 2019இல் சட்டத்தைத் திருத்தினார்கள்.)

அத்தோடு முடியவில்லை. பெயர்ச் சிக்கல் ஒன்று, அடையாள அட்டைச் சிக்கல் இன்னொன்று. கோவையில் இருப்பது ஒன்பது இலக்கமும் ஒரு ஆங்கில எழுத்தும் கொண்ட பழைய எண். என் கடவுச்சீட்டிலும் நற்சான்றிதழ் விண்ணப்பத்திலும் பன்னிரண்டு இலக்கப் புதிய எண். நமக்குத் தெரியும்: முன்னால் 19 சேர்த்து, நடுவில் ஒரு பூச்சியம் போட்டு, எழுத்தை எடுத்துவிட்டால் புதியது வரும். விசா அதிகாரிக்கு அது எப்படித் தெரியும்? இரண்டு எண்ணும் ஒரே ஆளுடையவை, கோவையில் உள்ள பெயர் என்னையே குறிக்கிறது, அது என் தகப்பனார் அல்ல, அவர் இன்ன ஆண்டு காலமானார் என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்தேன். அப்பாவின் மரணச் சான்றிதழையும் சேர்த்தேன். அப்பாவை வழக்கிலிருந்து விடுவித்த மாதிரி ஒரு நிம்மதி.

பிறகு மொழிபெயர்ப்பு. சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் கொடுத்தேன். முத்திரை குத்தி அழகாகத் தந்தார். பஸ்ஸில் வரும்போது வாசித்தேன். எனக்கு ஆங்கிலம் பெரிதாக ஓடாது, ஆனாலும் ஒரு இடத்தில் கண் நின்றது. 7,500 தண்டமும் ஒரு மாதச் சிறையும் என்று இருந்தது. 'செலுத்தத் தவறின்' என்ற இரண்டு சொல்லைக் காணவில்லை! ஒருநாளும் சிறைக்குப் போகாதவன் ஒரு மாதம் உள்ளே இருந்தவனாகிவிட்டேன். அடுத்த தரிப்பிடத்தில் இறங்கித் திரும்பிப் போனேன். அவர் மன்னிப்புக் கேட்டுத் திருத்தித் தந்தார். மொழிபெயர்ப்பை வாங்கிய இடத்திலேயே, மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எண்களையும் தண்டனை வரியையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். அம்பாறை நகரப் பக்கம் வழக்கு நடந்தவர்களுக்குக் கோவை சிங்களத்தில் இருக்கலாம். அப்போது சிங்களத்திலிருந்து நேரே ஆங்கிலத்துக்குப் போங்கள், நடுவில் தமிழைக் கொண்டுவந்தால் பிழைக்கு இன்னொரு வாசல் திறக்கும்.

இதெல்லாம் தெரிந்ததும் மச்சான் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் வேனுக்குச் சாரதி தேடுகிறார். அவனுக்கு வெறி வழக்கு இருக்கிறதா என்று இதே மாதிரி எடுத்துத் தா என்றார். எடுக்க முடியாது. இன்னொருவரின் தனிப்பட்ட தகவல் என்றால் அதைக் காட்டியே தகவல் அலுவலர் மறுக்கலாம், பொதுநலன் அதைவிடப் பெரிது என்று நாம் நிரூபிக்க வேண்டி வரும். பெயரை வைத்துத் தட்டிப் பார்க்கும் இணையத்தளம் ஒன்றும் நம்மிடம் இல்லை. நான் சொன்னது இதுதான்: சாரதியிடமே கேளுங்கள் மச்சான், லைசன்ஸின் மூலப் பிரதியைக் கையில் வாங்கிப் பாருங்கள், முந்திய இரண்டு முதலாளிமாரோடு பேசுங்கள். வழக்கு இருந்தது என்று அவனே சொன்னால் இலக்கத்தோடு கோவையை எடுத்துத் தரச் சொல்லுங்கள், எப்படி எடுப்பது என்று நான் காட்டிக் கொடுக்கிறேன். மச்சானுக்குப் பிடிக்கவில்லை. "கேட்டால் கோவிப்பான்" என்றார். கோவிக்கிறவனிடமா பிள்ளைகளைக் கொடுக்கப் போகிறீர்கள் என்றேன், அதற்குப் பதில் இல்லை.

விண்ணப்பம் போய்விட்டது, 'ஆம்' என்ற பதிலோடு. சட்டத்தரணியின் ஒரு பக்கக் கடிதம், கோவைப் பிரதி, மொழிபெயர்ப்பு, சத்தியக் கடதாசி எல்லாம் பின்னால். அடுத்த கிழமை கைரேகை கொடுக்கக் கொழும்புக்கு இரவு பஸ். மூன்றாவது பிரதியை அலுமாரியில் காணி உறுதிக்குக் கீழே வைத்திருக்கிறேன். வழக்கிலக்கத்தைக் கைத்தொலைபேசியிலும் போட்டு வைத்திருக்கிறேன், அப்பாவின் பெயரில்.