கோதுமைப்புல் சாறும் அம்மாவின் ஐ.என்.ஆரும்

அம்மாவுக்கு இதயத்தில் மைட்ரல் வால்வு மாற்றியதிலிருந்து, ரத்தம் உறையாமல் இருக்க தினமும் அசிட்ரோம் மாத்திரை. உலோக வால்வு என்பதால் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்) 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும். நின்றும் வந்தது. போன தை மாதம் திடீரென்று 1.6 என்று ரிப்போர்ட் வந்ததும் எனக்குப் பகீரென்றது. இப்படி இறங்கினால் வால்வில் ரத்தம் உறைந்து, பக்கவாதம் வரைக்கும் கொண்டுபோய் விடலாம்.

முதலில் லேப் மேல்தான் சந்தேகம். ஆனால் நீல மூடி டியூபில் கோடு வரைக்கும் ரத்தம் எடுக்காவிட்டால் ஐ.என்.ஆர். கூடுதலாகக் காட்டுமே தவிர, குறைத்துக் காட்டாதாம். வேறு லேபில் பார்த்தோம், 1.7. மாத்திரை அட்டையை எண்ணினேன், ஒன்றுகூட விடவில்லை.

டாக்டர்தான் துருவிக் கேட்டார். "புதுசா கீரை, கஷாயம், சத்துப் பொடி ஏதாவது எடுத்துக்கிறீங்களாம்மா?"

"கீரை எப்பவும் போலத்தான் டாக்டர். காலையில வெறும் வயித்துல ஒரு டம்ளர் கோதுமைப்புல் சாறு. அது புல்லுதானே, மருந்தா என்ன?"

பக்கத்து வீட்டு அக்கா தொட்டியில் வளர்த்து, அரைத்து வடிகட்டியே கொடுத்துவிடுவார். ரத்தம் ஊறுமாம். பச்சையமும் ஹீமோகுளோபினில் இருக்கும் ஹீமும் அமைப்பில் ஒன்றுபோல இருப்பது நிஜம்தான். ஆனால் பச்சையத்தின் நடுவில் மக்னீசியம், ஹீமின் நடுவில் இரும்பு. குடித்த பச்சையம் அப்படியே ரத்தமாகிவிடாது. அம்மாவின் ஹீமோகுளோபினும் பழைய 11-ஐ விட்டு நகரவில்லை.

நகர்ந்தது ஐ.என்.ஆர். மட்டும். பச்சை இலைகளில் இருக்கும் வைட்டமின் கே-யை வைத்துத்தான் கல்லீரல் ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களைத் தயாரிக்கிறது. அந்த வைட்டமினை உடம்பு திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதைத் தடுப்பதுதான் அசிட்ரோமின் வேலை. மாத்திரை ஒரு பக்கம் இழுக்க, சாறு எதிர்ப்பக்கம் இழுத்திருக்கிறது.

மாத்திரையைக் கூட்டிக்கொண்டு சாறும் குடிக்கலாமே என்று கேட்டேன். டாக்டர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். ஒவ்வொரு டம்ளரிலும் வைட்டமின் கே ஒரே அளவு இருக்காது. ஊருக்குப் போன இடத்தில் சாறு நின்றுபோனால் கூட்டிய மாத்திரை மட்டும் வேலை செய்து ரத்தக்கசிவு வரும். சாறு நின்றது. ஐ.என்.ஆர். ஏறும்வரை, ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் ஹெப்பாரின் ஊசி, இடையிடையே ரத்தப் பரிசோதனை. கடைசியில் 2.8 வந்தது. கீரையை நிறுத்தச் சொல்லவில்லை. வாரா வாரம் ஒரே அளவாகச் சாப்பிடச் சொன்னார்.

அக்கா இன்னும் சாறு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். அம்மா அதை அப்பாவுக்குத் தள்ளிவிடுகிறாள். அவருடைய பிரஷர் மாத்திரைக்கு இது ஒத்துப்போகுமா என்று அடுத்த தடவை கேட்க வேண்டும்.