பால்குடமும் பால்மரமும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தைக் கடந்து, ரப்பர் தோட்டமாக இருந்த இடத்துச் சாலையில் திரும்பினால், இப்போது இருபுறமும் எண்ணெய் தரும் செம்பனைதான். என் தாத்தா பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, நின்ற களமும் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளும் இருந்த இடத்தை, மாரியம்மன் கோயிலை அடையாளமாக வைத்துத்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. சென்ற ஆடித் திருவிழாவில், அம்மா எனக்காக நேர்ந்துகொண்ட பால்குடத்தை ஏந்துவதற்காக மூன்று வாரம் விரதமிருந்து அங்கே சென்றேன்.

நாக்கை அடக்குவது எனக்கு எளிதாகவே இருந்தது. சினத்தை அடக்க முடியவில்லை. இரண்டாம் வாரத்தில் ஒரு நாள், நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு ஈப்போ அலுவலகத்தில் அமர்ந்திருந்த நான், உடன் பணிபுரியும் இளைஞர் ஒருவரைக் கண்கலங்கும்படி பேசிவிட்டேன். அந்தக் குற்றவுணர்வோடுதான் ஆற்றங்கரையில் காப்புக் கட்டிக்கொண்டேன்.

உடுக்கையும் உறுமியும் முழங்க ஊர்வலம் புறப்பட்டது. சிறிது தூரத்திலேயே குடம் ஆடத் தொடங்கிப் பால் என் நெற்றியில் வழிந்தது. இறுகப் பிடிக்கப் பிடிக்க அது இன்னும் ஆடியது. வேப்பிலைக் கொத்தோடு பக்கத்தில் நடந்து வந்த ஒரு பாட்டி, "ஏன் தம்பி கழுத்த இப்படி முறுக்கிக்கிட்டு வர்றீங்க? மூச்ச விடுங்க. பாலுக்கு ரப்பர் மரம் வெட்டுறப்ப கையை முறுக்குனா, கத்தி உள்ள எறங்கி மரத்துக்குக் காயமாயிரும். பயந்து மேலாக்கச் சீவுனா பால் வராது. ரெண்டுக்கும் நடுவுல கை தானா நிக்கும்" என்றார்.

பல ஆண்டுகள் பால் வெட்டிய கை அது. கித்தா எனப்படும் ரப்பர் மரத்தில் பால் ஓடும் நாளங்கள் பட்டையின் உட்பகுதியில், மரத்தை வளர்க்கும் மெல்லிய படலத்தை ஒட்டியே நெருங்கி இருக்கின்றன. படலத்தைத் தொடாமல் அதன் அருகே வரை கத்தி போக வேண்டும். வெயில் ஏறினால் மரத்தினுள் அழுத்தம் குறைந்து பால் விரைவில் நின்றுவிடும் என்பதால், இத்தனை நுட்பமான வேலையையும் விடியுமுன் இருட்டில், தலைவிளக்கின் வெளிச்சத்தில் செய்தார்கள். நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களின் முன் அந்த நிதானத்தோடு நின்றவர்களின் வழிபாட்டை, ஆண்டுக்கு ஒருமுறை வந்து போகும் என் பக்தியோடு ஒப்பிட எனக்குக் கூச்சமாக இருந்தது.

தோளைத் தளர்த்தி மூச்சை மட்டும் கவனித்து நடந்தேன். குடம் முற்றிலும் அசையாமல் இருக்கவில்லை. ஆனால் அது எப்போது சாயத் தொடங்குகிறது என்பது எனக்கு முன்கூட்டியே தெரிய ஆரம்பித்தது. கருவறை வாசலில் பூசாரி குடத்தை வாங்கிக்கொண்டபோது, கழுத்தளவுக்குப் பால் மிஞ்சியிருந்தது. அம்மன் மேனியில் அது வழிவதைப் பார்த்து நின்ற அந்த நேரத்தில் நான் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை காலை, அலுவலகத்தில் விளக்குகளைப் போடுமுன்பே போய், அந்த இளைஞரின் வருகைக்காகக் காத்திருந்தேன். கையில் மஞ்சள் காப்பு இன்னும் அவிழ்க்காமல் இருந்தது.