2,100 கிராமிலிருந்து 890 வரை: வீட்டில் செய்த ஸ்டீயரிங்

நேற்று இரவு சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 890 கிராம். போன வருஷம் இதே தராசு என் முதல் ஸ்டீயரிங்குக்கு 2,100 கிராம் காட்டியது. ஒன்றரை வருஷமாக நான் கற்றுக்கொண்டதில் பாதிக்கு மேல் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. ரேஸிங் சிமுலேட்டருக்கு, அதாவது கணினியில் கார் பந்தயம் ஓட்டும் விளையாட்டுக்கு, வீட்டிலேயே ஸ்டீயரிங் செய்ய நினைப்பவருக்கு இரண்டு மாதமாவது மிச்சமாகட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

என்னிடம் இருப்பது கணினி விளையாட்டுக்கான பழைய ஸ்டீயரிங் செட், லாஜிடெக் ஜி27. 2010 வாக்கில் வந்த மாடல். நான் இருக்கும் டர்பனிலேயே ஒருவரிடம் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். தடத்தின் அதிர்வைக் கைக்குக் கொண்டுவர உள்ளே இரண்டு மோட்டார், சாய்ந்த பல் கொண்ட கியர், 900 டிகிரி சுற்றும். மோட்டாரின் திருப்பு விசை இரண்டு நியூட்டன் மீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். இந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று அப்போதே யோசித்திருந்தால் முதல் ஸ்டீயரிங்கை அப்படிச் செய்திருக்கவே மாட்டேன்.

முதல் ஸ்டீயரிங் மாமாவின் பழைய பக்கியிலிருந்து வந்தது. பக்கி என்றால் பின்பக்கம் திறந்த சின்ன சரக்கு வண்டி. தென்னாப்பிரிக்காவில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். 350 மி.மீ. விட்டம், உள்ளே இரும்பு வளையம், மேலே தடித்த ரப்பர். அதன்மேல் 5 மி.மீ. அலுமினியத் தகடு, அதில் பதினெட்டு பட்டன், மேலே எட்டு எல்.இ.டி. விளக்கு. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. பக்கத்து வீட்டுப் பையன்கள் வந்து தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

ஓட்டிப் பார்த்தால் கைக்கு ஒன்றுமே வந்து சேரவில்லை. நான் அதிகம் ஓட்டுவது அசெட்டோ கோர்சா காம்பெடிசியோனே என்ற விளையாட்டில் எங்கள் நாட்டுக் கயலாமி ரேஸ் தடத்தை. 2020-இல் அந்த விளையாட்டில் கயலாமி வந்த நாளிலிருந்து வேறு தடத்துக்கு மனசு போகவில்லை. ஜி27-இன் சொந்த ஸ்டீயரிங்கில் ஓட்டியபோது தட ஓரத்தில் பல் பல்லாகக் கட்டியிருக்கும் கர்ப்பின் ஒவ்வொரு பல்லும் விரலில் தட்டும். டயர் பிடியை விடப் போகிறது என்பது கண்ணுக்குத் தெரியும் முன்பே கைக்குத் தெரியும். என் இரண்டு கிலோ ஸ்டீயரிங்கில் எல்லாம் குழைந்து மங்கலாகிவிட்டது. பின்பக்கம் வழுக்குவது தெரியும் முன்பே கார் சுற்றி நிற்கும்.

முதலில் மென்பொருள் செட்டிங்கைச் சந்தேகித்தேன். மூன்று வாரம் அதிலேயே போயிற்று. அப்புறம்தான் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுற்றும் பொருளின் நிலைமம், எடையோடு மட்டும் போவதில்லை; நடுவிலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கத்தோடு போகிறது. நடுவிலிருந்து 35 மி.மீ. தள்ளி இருக்கும் 100 கிராமை 140 மி.மீ. தள்ளி விளிம்பில் வைத்தால் மோட்டாருக்கு அது 16 மடங்கு சுமை. நானோ கனமான இரும்பை 175 மி.மீ. தள்ளிக் கொண்டுபோய் வைத்திருந்தேன். கர்ப்பின் தட்டு என்பது சட்டென்று இந்தப் பக்கம், சட்டென்று அந்தப் பக்கம் என்று வரும் சின்ன அசைவு. பலம் குறைந்த மோட்டார் அந்த இரும்பை அசைக்கத் தொடங்குவதற்குள் அடுத்த தட்டு வந்துவிடும். கியர் இல்லாமல் ஸ்டீயரிங்கை நேராகச் சுற்றும் பெரிய மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இது இவ்வளவு உறைக்காது. ஜி27 மாதிரி சின்ன பேஸ் (ஸ்டீயரிங்கை மாட்டும் மோட்டார் பெட்டி) வைத்திருப்பவர்கள் பட்டனை எண்ணும் முன் கிராமை எண்ண வேண்டும்.

சரி, எல்லாவற்றையும் கழற்றினேன்.

இரண்டாவதற்கு வட்ட வளையமே வேண்டாம் என்று முடிவு. ஜிடி ரேஸ் கார்களில் இருப்பதுபோல நடுவில் ஒரு தகடு, இரண்டு பக்கமும் கைப்பிடி, மேலும் கீழும் திறப்பு. அகலம் 280 மி.மீ. தகடு 3 மி.மீ. அலுமினியம். அட்டையில் வெட்டி நான்கு மாதிரி பார்த்த பிறகே தகட்டில் கை வைத்தேன். நடுவில் 70 மி.மீ. வட்டத்தில் ஆறு எம்5 துளை, அதாவது 5 மி.மீ. திருகுக்கான துளை. கடையில் கிடைக்கும் பெரும்பாலான ரேஸிங் ஸ்டீயரிங்குகளுக்கு இந்த அளவுதான்; நாளைக்கு பேஸை மாற்றினாலும் ஸ்டீயரிங் வீணாகாது. ஜி27-இன் துளைகள் இந்த அளவில் இல்லாததால் இடையில் ஒரு அடாப்டர் தகடு வேண்டியிருந்தது. அது நடுவில் இருப்பதால் அதன் எடையைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

கைப்பிடிகளை 3டி பிரிண்டரில் பெட்ஜி என்ற பிளாஸ்டிக் இழையால் அடித்தேன். பிஎல்ஏ என்ற இழை சுலபம்தான், ஆனால் சூட்டில் இளகும்; டர்பன் கோடையில் தகரக் கூரை போட்ட கராஜில் அதை விட்டுவைக்க எனக்கு மனசு வரவில்லை. பெட்ஜியின் தொல்லை ஈரம். இங்கே ஜனவரிக் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். திறந்து வைத்த இழைச்சுருள் இரண்டே நாளில் ஈரம் குடித்து, அச்சில் சிலந்தி வலைபோல நூல் நூலாக விட்டது. 65 டிகிரியில் ஐந்து மணி நேரம் உலர்த்தி, அரிசி டப்பா மாதிரி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு, அதிலிருந்தே இழையைப் பிரிண்டருக்கு விட்ட பிறகு சரியானது.

அப்புறம் லோட் ஷெடிங், அதாவது அட்டவணை போட்டுச் செய்யும் மின்வெட்டு. ஒரு கைப்பிடிக்குப் பதினோரு மணி நேரம் ஆகும். 2024 பிப்ரவரியில் மூன்று முறை பாதியில் மின்சாரம் போனது. விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி என் பிரிண்டரில் உண்டு. ஆனால் அதற்குள் அடித்தட்டு ஆறி, பொருள் லேசாக விட்டு, தொடரும் இடத்தில் ஒரு கோடு விழுந்துவிடும். அந்தக் கோட்டில்தான் கைப்பிடி உடையும்; கையால் வளைத்து உடைத்தே பார்த்தேன். கடைசியில் கைப்பிடியை மூன்று துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றும் மின்வெட்டு அட்டவணையின் இடைவெளிக்குள் முடியும்படி செய்து, நடுவில் எம்4 போல்ட் ஓட்டி இறுக்கினேன். மார்ச் கடைசியில் வெட்டு நின்றது. அதற்குப் பிறகும் துண்டு முறையையே வைத்துக்கொண்டேன், ஒரு துண்டு பிடிக்காவிட்டால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

தோல் வேலைதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அந்த வேலை என்னுடையதில்லை, பெரியம்மாவுடையது. டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் இருக்கிறார். முப்பத்தொரு வருஷம் ஷூ தொழிற்சாலையில் மேல்தோல் தைத்தவர். டர்பனில் நம்மவர் வீடுகளில் துணி, ஷூ தொழிற்சாலைக்குப் போன பெண்கள் ஒருவராவது இருப்பார்கள். கைப்பிடியைக் கொண்டுபோய்க் காட்டினேன். முதல் ஸ்டீயரிங்கில் செய்ததுபோல இதிலும் அடியில் மெல்லிய ஃபோம் ஒட்டியிருந்தேன். கட்டை விரலால் அழுத்திப் பார்த்து, "இது எதுக்கு தம்பி? பஞ்சு மேல தைச்சா தோல் நிக்காது" என்று நகத்தாலேயே உரித்துப் போட்டார். எனக்கும் அதுதான் தேவையாக இருந்தது: ஃபோம் போனால் தட்டு இன்னும் நேராகக் கைக்கு வரும்.

கைப்பிடியின் சுற்றளவு 100 மி.மீ. நான் தோலை 104-ஆக வெட்டி வைத்திருந்தேன். அவர் 97-ஆக வெட்டினார். சுற்றளவைவிடக் குறைவாக இருந்தால்தான் தையல் இழுக்கும்போது தோல் விறைப்பாக நிற்கும். ஓரத்தைக் கத்தியால் பாதித் தடிமனுக்குச் சீவினார், இரண்டு ஓரமும் சந்திக்கும் இடத்தில் மேடு தெரியாமல் இருக்க. 5 மி.மீ.க்கு ஒரு துளை. மெழுகு தேய்த்த ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி. தோலின் உள்பக்கத்தை ஈரத்துணியால் லேசாகத் துடைத்துவிட்டுத் தைக்கத் தொடங்கினார். "ஈரத்துல இழுத்தா கேக்கும். காஞ்சதும் தானா இறுகிக்கும்." ஒரு கைப்பிடி முடிய ஒன்றரை மணி நேரம். இரண்டாவதை நான் தைக்க, அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். ஒவ்வொரு தையலையும் ஒரே பலத்தில் இழுக்க வேண்டும் என்பதைக் கை புரிந்துகொள்வதற்குள் பாதி முடிந்துவிட்டது. அந்தப் பாதியை அவிழ்த்துத் திரும்பத் தைத்தேன். மறுநாள் தோல் காய்ந்தபோது இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, பெரியம்மாவைத் தவிர.

மின்சார வேலைக்கு ஆர்டுயினோ வகை ப்ரோ மைக்ரோ போர்டு, நிரல் எழுதிப் போடும் சின்ன மின்னணுப் பலகை. அதன் ஏடிமெகா32யூ4 சிப் யூஎஸ்பியில் நேரடியாக ஜாய்ஸ்டிக் என்று கணினியிடம் சொல்லிக்கொள்ளும். தனி டிரைவர் வேண்டாம். பதினெட்டு பட்டனைப் பன்னிரண்டாகக் குறைத்தேன். அவற்றை மேட்ரிக்ஸாக, அதாவது கட்டம்போல, இணைத்தேன்: நான்கு வரிசை, மூன்று நெடுக்கை, ஆக போர்டில் ஏழு பின் (இணைப்பு முனை). இரண்டு சுழல் என்கோடருக்கு, அதாவது திருகும் குமிழுக்கு, நான்கு பின். ஒன்று பிரேக் பயாஸ் (முன், பின் சக்கரங்களுக்குப் பிரேக்கைப் பிரிப்பது), மற்றது டிராக்ஷன் கன்ட்ரோல் (சக்கரம் வழுக்காமல் பார்ப்பது). ஸ்டீயரிங்கின் பின்னால் விரலால் இழுக்கும் கியர் பேடில் இரண்டுக்கும் தனித்தனிப் பின். எல்.இ.டி. விளக்குகளை விட்டுவிட்டேன். திரையிலேயே அது இருக்கிறது.

பேடிலுக்குத் தனிப் பின் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. முதல் ஸ்டீயரிங்கில் பேடில்களும் மேட்ரிக்ஸுக்குள்ளே இருந்தன, மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் டயோடும் போடவில்லை. ஹெட்லைட் பட்டனையும் வைப்பர் பட்டனையும் அழுத்தியபடி கியர் மாற்றினால் யாரும் தொடாத பிட் லிமிட்டர் (பிட் பாதையில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பட்டன்) விழும். மூன்று பட்டன் செவ்வகத்தின் மூன்று மூலையில் அமைந்துவிட்டால், மின்னோட்டம் பின்வழியாகச் சுற்றி நான்காவது மூலையையும் அழுத்தியதாகக் காட்டும். பட்டனுக்கு ஒரு 1என்4148 டயோடு, எல்லாம் ஒரே திசையில், அவ்வளவில் தீர்ந்துவிட்டது. டயோடின் கருங்கோடு எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றையும் பற்றவைக்கும் முன் மீட்டரில் பார்த்துவிடுங்கள்.

கேபிளில் ஒரு போர்டையே இழந்தேன். ஜி27-க்கு மின்சாரம் கொடுத்ததும் அது தன்னைச் சரிபார்க்க இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை வேகமாகச் சுற்றும். நான் நேரான கேபிளைச் செருகிவிட்டுச் சுவிட்சைப் போட்டேன். கேபிள் தண்டில் சுற்றி, ப்ரோ மைக்ரோவின் மைக்ரோ யூஎஸ்பி சாக்கெட்டைச் செப்புத் தடத்தோடு பிடுங்கி எடுத்தது. அந்தச் சாக்கெட் பலகையின் மேற்பரப்பில் மட்டுமே ஒட்டிக்கொண்டிருப்பது, இழுப்பைத் தாங்காது. இப்போது பழைய தொலைபேசி வயர்போலச் சுருண்ட கேபிள், பெட்டியின் சுவரில் திருகிப் பூட்டும் நான்கு முனை உலோகக் கனெக்டர். உள்ளே சாக்கெட்டைச் சுற்றி எபாக்ஸி. மோட்டார் பலமாக உதைக்கும்போது இரண்டு முறை யூஎஸ்பி தொடர்பு அறுந்தது. கேபிளில் மின் இரைச்சலை அடக்கும் ஒரு ஃபெரைட் வளையம் மாட்டினேன், பிறகு அறுபடவில்லை.

பேடிலுக்கு 2 மி.மீ. அலுமினியம், 3 மி.மீ. எஃகு ஊசியில் கீல். திரும்ப இழுக்க ஸ்பிரிங் இல்லை, எதிரெதிரே 10 மி.மீ. நியோடிமியம் காந்தம். காந்தம் விடுபடும் அந்த ஒரு கணத்தில்தான் கியர் விழுந்த உணர்வு வருகிறது. இரண்டு காந்தத்துக்கும் இடையில் 1 மி.மீ. மெல்லிய துண்டு வைத்தாலே இழுப்பு சட்டென்று குறைந்துவிடும், அதனால் அரை மில்லிமீட்டர் அரை மில்லிமீட்டராகத்தான் தேட வேண்டும். மைக்ரோ சுவிட்ச் காந்தம் விட்ட பிறகே அழுந்த வேண்டும். முன்னால் அழுந்தினால், விரல் பட்டதுமே கியர் மாறிவிடும். எம்3 திருகு ஒன்றை நிறுத்தமாக வைத்து, கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி அந்த இடத்தைப் பிடித்தேன். இடது பேடிலின் சத்தம் இன்னும் வலதைப்போல இல்லை.

போன ஞாயிறு முழுதாக மாட்டி ஓட்டினேன். கர்ப் திரும்ப வந்துவிட்டது. ஜி27-இன் சொந்த ஸ்டீயரிங்கைவிடக் கூர்மையாக வருகிறது என்று எனக்குப் படுகிறது.

மாலையில் அப்பா வந்து உட்கார்ந்தார். 1993 மார்ச்சில் இரவெல்லாம் வண்டி ஓட்டி, ஏறக்குறைய 570 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கயலாமிக்கு என்னை அழைத்துப் போனவர் அவர். அன்றைய ஃபார்முலா 1 பந்தயத்தில் ப்ரோஸ்ட் முதலாவதாக வந்தார், சென்னா இரண்டாவது. கடைசியில் கொட்டிய மழையில் நாங்கள் இருவரும் ஒரே கோட்டுச் சட்டையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றோம். அங்கே ஃபார்முலா 1 நடந்தது அதுவே கடைசி. ஜூலுவில் கயலாமி என்றால் 'என் வீடு' என்று வழியில் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். அதற்குப் பிறகு தடத்தை மாற்றிக் கட்டிவிட்டார்கள், அதனால் முதல் சுற்று முழுவதும் "இது அப்ப இப்படி இல்ல" என்று சொல்லிக்கொண்டே மெதுவாக ஓட்டினார். லீயூகாப் வளைவில் அகலமாகப் போய்க் கர்ப் மேல் ஏறினார். காரை நிறுத்திவிட்டுத் தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

"தட்டுதுடா" என்றார்.

பெடலை நாலு விரல் கிட்ட நகர்த்தச் சொல்லியிருக்கிறார். அவர் கால் நீளத்துக்கு இரண்டாவது துளை வரிசை போட வேண்டும். சனிக்கிழமை அந்த வேலை.