முதலில் வரப்பு, பிறகு செடி: நார்மண்டி வேலி கட்டும் நாட்குறிப்பு

5 ஜூலை 2025

இது போர் விளையாட்டு மேசை, 6 அடிக்கு 4 அடி. மினியேச்சர்கள், அதாவது படைவீரர் பொம்மைகள், 28 மி.மீ. உயரம், 1/56 அளவு. காலம் 1944 ஜூலை, இரண்டாம் உலகப் போர். இடம் பிரான்சின் நார்மண்டியில் சான் லோ நகரைச் சுற்றியுள்ள வயல்கள். அந்த நிலத்தோற்றத்துக்கு பிரெஞ்சில் போக்காஜ் என்று பெயர். சின்னச் சின்ன வயல்கள், ஒவ்வொன்றையும் சுற்றி ஓர் உயரமான மண்வரப்பு, வரப்பின் மேல் முட்செடியும் கொடியும் மரமும் பின்னிய உயிர்வேலி.

போக்காஜ் செய்யும்போது பலரும் செடியில் தொடங்குகிறார்கள், அங்கேயே தவறு நடக்கிறது. டாங்கியை நிறுத்தியதும் குண்டைத் தாங்கியதும் வரப்புதான். மண் இல்லாத போக்காஜ் பூங்காவின் ஓரத்தில் வைத்த குரோட்டன்ஸ் வேலி போலிருக்கும்.

அசல் வரப்பின் தடிமன் 1 அடி முதல் 4 அடி வரை, உயரம் 3 அடி முதல் 12 அடி வரை. மேலே செடி இன்னொரு 3 முதல் 15 அடி. 1/56 கணக்கில் வரப்பின் உயரம் 16 முதல் 65 மி.மீ., தடிமன் 5 முதல் 22 மி.மீ. எடுத்துக்கொண்ட அளவு: வரப்பு 25 மி.மீ. உயரம், அடி அகலம் 28, மேல் அகலம் 16, செடி 35. அகலம் மட்டும் அசலைவிடக் கொஞ்சம் கூடுதல். அதற்குக் குறைந்தால் செடியை நடப் பிடிப்பு கிடைக்காது.

6 ஜூலை

எண்ணிக்கை: 30 செ.மீ. நேர்த்துண்டு 22, 15 செ.மீ. துண்டு 10, மூலை 6, மூன்று வரப்பு கூடும் சந்திப்பு 4, வாயில் 4. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 12 மீட்டர் வரப்பு.

பொருள் எக்ஸ்.பி.எஸ். ஃபோம். மொட்டைமாடி வெப்பத்தடுப்புக்குப் போடும் பலகை இதுதான். 1200 × 600 × 25 மி.மீ. அளவில் ஒரு பலகை போதும். தெர்மாகோல் வேண்டாம். வெட்டினால் மணிமணியாக உதிரும், ஓரம் நிற்காது, அந்த மணிகள் பெயின்ட் அடித்த பிறகும் மண்ணாகத் தெரியாமல் மணியாகவே தெரியும்.

ஃபோம் வெட்டும் சூட்டுக் கம்பியை 13 அல்லது 14 டிகிரி சாய்த்து, ஒவ்வொரு வெட்டுக்கும் பலகையைத் தலைகீழாகத் திருப்பினால் ஒரு பட்டையின் சரிவே அடுத்த பட்டைக்கும் சரிவாகிவிடும். 600 மி.மீ. அகலத்தில் 25 பட்டைக்குக் குறையாமல் கிடைக்கும். தேவை 11தான். மீதி குன்றுகளுக்கு ஆகும்.

கம்பி சிவக்கக் கூடாது. சிவந்தால் ஃபோம் வெட்டுப்படாமல் உருகி ஓடும், வெட்டு 3 மி.மீ. அகலமாகும். ஃபோமைத் தள்ளாமல் கை வைத்தாலே மெல்ல நகரும் சூடு சரியான சூடு. கையை ஓரிடத்தில் நிறுத்தினால் அங்கே குழி விழும். ஜன்னல் திறந்திருக்கட்டும், மின்விசிறி புகையை வெளியே தள்ளட்டும்.

7 ஜூலை

அடித்தட்டு 3 மி.மீ. எம்.டி.எஃப்., அதாவது மரநாரை அழுத்திச் செய்த பலகை. முதல் துண்டுகளை 50 மி.மீ. அகலத்தில் வெட்டியது பிசகு. வரப்புக்கு வெளியே இருபுறமும் 11 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தது. 25 மி.மீ. வட்ட அடித்தட்டுள்ள மினியேச்சரை வரப்போடு ஒட்டி வைத்தால் பாதி பலகை மேல், பாதி மேசை மேல் நின்று சாய்கிறது. இப்போது அகலம் 40. நீட்சி 6 மி.மீ.தான், அதையும் கட்டரால் சரிவாகச் சீவி 80 எண் உப்புத்தாளால் தேய்த்தாயிற்று. எம்.டி.எஃப். தூள் நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் போட்டு வெளித்திண்ணையில் தேய்க்க வேண்டிய வேலை இது.

ஒட்டுவதற்கு முன் தட்டின் அடிப்பக்கத்தில் ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஒரு கோட் அடிக்க வேண்டும். இதைத் தவிர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு 12ஆம் தேதியைப் பார்க்கவும்.

8 ஜூலை

வரப்பைத் தட்டில் ஒட்டியது. ஃபோமுக்கும் பலகைக்கும் நடுவே ஃபெவிகாலை முழுக்கத் தடவினால் ஓரம் காய்ந்து தோல் கட்டிவிடும், நடுவில் காற்று போகாமல் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். அதனால் ஃபெவிகாலை மெல்லிய கோடுகளாக இழுத்து, இடையிடையே குறைந்த சூட்டு பசைத்துப்பாக்கியால் நாலு பொட்டு. பொட்டு உடனே பிடிக்கும், ஃபெவிகால் மெதுவாக இறுகும். சூடு அதிகமான துப்பாக்கி ஃபோமில் ஓட்டை போட்டுவிடும்.

பிறகு வரப்பை வரப்பாக்கும் வேலை. கட்டரால் நேர் விளிம்புகளைக் கிள்ளி எடுத்து, கசக்கிய அலுமினியத் தாளை உருட்டி அழுத்தினால் மண் கட்டிகளின் தடம் விழும். உச்சியில் 5 மி.மீ. ஆழத்துக்கு ஒரு பள்ளக்கோடு, செடி அதில் உட்காரும். ஒவ்வொரு துண்டின் இரு முனையிலும் கடைசி 1 செ.மீ.யைத் தொடக்கூடாது. அங்கே அளவு மாறினால் எந்தத் துண்டும் எந்தத் துண்டோடும் சேரும் என்ற வசதியே போய்விடும்.

பக்கச்சரிவில் வேர் தெரிய வேண்டும். தேங்காய் நாரை இரண்டு மூன்று இழையாகப் பிரித்து, மேலிருந்து கீழாக ஃபெவிகாலில் ஒட்டினால் போதும்.

9 ஜூலை

ஒரு மினியேச்சரை வரப்புக்குப் பின்னால் நிறுத்திப் பார்த்ததில் சிக்கல் தெரிந்தது. வரப்பும் தட்டும் சேர்ந்து 28 மி.மீ., மினியேச்சரின் கண் சுமார் 30 மி.மீ. துப்பாக்கி முனை நேராக மண்ணைப் பார்க்கிறது. ஜெர்மன் படையினர் வரப்பைக் குடைந்து சுடும் வழி வைத்திருந்தார்கள். அதையே செய்தாயிற்று: மூன்று நேர்த்துண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், உச்சியில் 30 மி.மீ. அகலம், 8 மி.மீ. ஆழத்துக்கு வெட்டு. இயந்திரத் துப்பாக்கி அணியின் தட்டு பெரிது. அதற்கென இரண்டு துண்டில் வெட்டு 45 மி.மீ.

வரப்பு முழுவதையும் தாழ்த்திவிடலாமே என்று தோன்றும். கூடாது. பார்வை மறைவதுதான் இந்த நிலத்தின் குணம். அடுத்த வயலில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் ஆட வைக்காத மேசை நார்மண்டி மேசை ஆகாது.

11 ஜூலை

மண் பூச்சு: ஃபெவிகால் 2 பங்கு, கரும்பழுப்பு அக்ரிலிக் 1 பங்கு, தண்ணீர் 1 பங்கு, டீ வடிகட்டியில் சலித்த மணல் 2 பங்கு. ஃபோமின் மேல் இது ஓடாகப் படிந்துவிடும், நகம் பட்டாலும் பள்ளம் விழாது. சுவருக்குப் போடும் பட்டியை மட்டும் பூசினால் முதல் முறை கீழே விழுந்ததும் வெடிக்கும்.

ஸ்பிரே டப்பாவை ஃபோம் பக்கம் கொண்டுபோகக் கூடாது. அதிலுள்ள கரைப்பான் எக்ஸ்.பி.எஸ்.ஸைத் தின்றுவிடும். பூச்சில் ஊசிமுனை அளவு இடம் விட்டிருந்தாலும் அதன் வழியே உள்ளே போய்க் குடையும்.

12 ஜூலை

அடிப்பக்கம் கோட் அடிக்காத ஆறு துண்டுகள் வளைந்துவிட்டன. 30 செ.மீ. நீளத்தில் முனைகள் 3 மி.மீ. தூக்கி நிற்கின்றன. மேலே பூசிய பசை காயும்போது சுருங்கிப் பலகையை இழுக்கிறது, கீழே எதிர் இழுப்பு இல்லை. நிமிர்த்த: அடிப்பக்கத்தை ஃபெவிகால் தண்ணீரால் நன்றாக நனைத்து, மேலும் கீழும் பிளாஸ்டிக் தாள் வைத்து, இரவு முழுக்கப் பாரம். நாலு துண்டு நேரானது. இரண்டை மறுமுறை நனைக்க வேண்டியிருந்தது.

13 ஜூலை

வண்ணம் மூன்று படி. பூச்சே கரும்பழுப்பு. அதன் மேல் நடுப்பழுப்பு டிரை பிரஷ், கடைசியில் மேடுகளுக்கு மட்டும் மணல்நிறம். பிரஷ்ஷைத் துணியில் தட்டினால் கறை விழாத அளவுக்குக் காய்ந்திருக்க வேண்டும்.

15 ஜூலை

செடிக்கு வெளிநாட்டுக்காரர்கள் வெகுகாலமாக ரப்பர் பூசிய குதிரைமுடியைப் பயன்படுத்துகிறார்கள். நம் பக்கம் அதற்குச் சமமான சரக்கு மெத்தைக் கடையில் கிடக்கிறது: ரப்பர் கலந்த தேங்காய் நார்ப் பலகை. பழைய காயர் மெத்தையின் ஒரு முழத் துண்டு இந்த மேசைக்குத் தாராளம்.

கத்தரியால் வெட்டக்கூடாது. பிய்க்க வேண்டும். வெட்டினால் பெட்டி போல முகம் தட்டையாகும். 20 மி.மீ. அகலத்துக்குப் பிய்த்து, விரலால் இழுத்துத் தளர்த்தி, பின்னால் வைத்த விரல் மங்கலாகத் தெரியும் வரை அடர்த்தியைக் குறைக்க வேண்டும். ஸ்பிரே அடிப்பதானால் இப்போதே, வரப்பில் நடும் முன். பிறகு பள்ளக்கோட்டில் சூட்டுப்பசை. உயரம் ஒரே சீராக வேண்டாம். 30 செ.மீ.க்குள் ஓரிடத்தில் 25, இன்னோரிடத்தில் 45 என்று ஏறி இறங்கட்டும்.

18 ஜூலை

இலை: மெத்தை ஸ்பாஞ்சை 1 செ.மீ. துண்டுகளாக்கி, மிக்ஸியில் தண்ணீரோடு அடித்துப் பிழிந்து, பெயின்ட் 1 பங்கு, தண்ணீர் 3 பங்கு கரைசலில் ஊறவைத்து, மறுபடி பிழிந்து, தாளில் பரப்பி இரண்டு நாள் நிழலில். அந்த மிக்ஸி ஜார் இனிச் சமையலுக்கு ஆகாது. கரும்பச்சை பாதி, நடுப்பச்சை மூன்றில் ஒரு பங்கு, மீதி மஞ்சள் கலந்த பச்சை.

நாரின் மேல் நீர்த்த ஃபெவிகாலைத் தெளித்து, கரும்பச்சையை அடியிலும் உள்ளேயும், இளம்பச்சையை மேலிருந்து மட்டும் தூவுதல். வெயில் படுவது மேலேதானே. காய்ந்தபின் ஃபெவிகால் 1, தண்ணீர் 4, பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு கலந்து தெளித்தால் இலை உதிராது. சோப்பு இல்லாவிட்டால் கரைசல் முத்து முத்தாக இலை மேலேயே நிற்கும், உள்ளே இறங்காது. வேலை முடிந்ததும் ஸ்பிரே பாட்டிலில் வெந்நீர் ஊற்றி அடித்துவிட வேண்டும், இல்லையென்றால் மூக்கு அடைத்துக்கொள்ளும்.

20 ஜூலை

வாயில். அமெரிக்க ஷெர்மன் டாங்கியின் அகலம் 2.62 மீட்டர், 1/56இல் 47 மி.மீ. வாயிலுக்கு 60 மி.மீ. விட்டாயிற்று. கதவு ஐஸ் குச்சியைப் பிளந்து செய்த ஐந்து சட்டம், ஒரு குறுக்குக் கட்டை. வரப்புகளுக்கு இடையே ஓடும் குழிந்த சந்துகளின் அசல் அகலம் 3 மீட்டருக்கு 54 மி.மீ. போதும், ஆனால் டாங்கியை எடுத்து வைக்கும் விரல்களுக்கும் இடம் வேண்டும். 75 வைத்திருக்கிறது.

வரப்பை உடைக்கும் துண்டு தனி. 1944 கோடையில் அமெரிக்க சார்ஜன்ட் கர்ட்டிஸ் கியூலின் என்பவரின் பெயரால் அறியப்பட்ட கருவி, கடற்கரைத் தடுப்பு இரும்புகளை அறுத்து டாங்கியின் முகப்பில் கொம்பு போலப் பற்றவைத்தது, வரப்பைக் குத்தித் துளைத்தது. அதற்கு முன் வரப்பில் ஏறிய டாங்கி தன் மெல்லிய வயிற்றை எதிரிக்குக் காட்டியது. ஆகவே மூன்று நேர்த்துண்டில் நடு 60 மி.மீ. கழன்று வரும். அதன் இடத்தில் சரிந்த மண்மேடு ஒன்று உட்காரும். பிடிப்புக்கு 5 × 2 மி.மீ. நியோடிமியம் காந்தம், முனைக்கு ஒன்று. ஒட்டும் முன் எல்லாக் காந்தத்தின் ஒரே முகத்தில் மார்க்கரால் புள்ளி வைக்காததால் ஒரு துண்டு ஒட்டாமல் விலகித் தள்ளியது. குடைந்து எடுத்துத் திருப்பி வைக்க வேண்டியதாயிற்று.

24 ஜூலை

முழு மேசையும் பரப்பிப் பார்த்தது. இணைப்புகளில் 1, 2 மி.மீ. இடைவெளி தெரிகிறது. தளர்வான நார்ப் புதர்கள் 20 செய்து அங்கங்கே சாத்தினால் மறைகிறது. சந்து எல்லா இடத்திலும் ஷெர்மனை விடுகிறது. ஆனால் சந்திப்பில் திரும்ப 104 மி.மீ. நீளம் இடிக்கிறது. அங்கே ஒரு மூலையை 3 செ.மீ. உள்ளே தள்ள வேண்டும்.

கோதுமை வயலுக்கு வாசல் தேங்காய்நார் மிதியடி ஒன்றை 30 × 20 செ.மீ. அளவுக்கு வெட்டியது. இதற்குமேல் அதில் வேலை இல்லை.

துண்டுகளை 80 மி.மீ. ஆழமுள்ள பெட்டியில் ஒற்றை அடுக்காக வைக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் செடி அமுங்கி எழாது. ஆப்பிள் தோப்புக்கு 12 மரம் பாக்கி, கம்பி முறுக்குவது அடுத்த வாரம்.