ஆச்சியின் பாடல்களை இணைப்பாக அனுப்பிய அனுபவம்

திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் வாழும் என் ஆச்சி பாடிய தாலாட்டுகள், நடவுப் பாட்டுகள், ஒப்பாரிகள் எல்லாவற்றையும் சேர்த்து ஆறு மணி நேரம் பதிவு செய்திருந்தேன். சுருக்கப்படாத வேவ் வடிவில் ஒரு நிமிடப் பதிவே ஏறக்குறைய 10 எம்.பி. ஆகும் என்பதால், மொத்தம் 3.6 ஜி.பி. சேர்ந்துவிட்டது. ஜிமெயிலில் 25 எம்.பி. வரைதான் இணைக்க முடியும்; ஒரு தாலாட்டுகூட முழுதாகப் போகாது. எனவே கூகுள் டிரைவில் ஏற்றி, அதைத் திறக்கும் இணைப்பை (லிங்க்) மட்டும் சொந்தங்களுக்கு அனுப்பத் தீர்மானித்தேன். அங்கே இலவசமாகக் கிடைக்கும் 15 ஜி.பி. இடத்தில் மின்னஞ்சலும் படங்களும் பங்கு கேட்பதால், முதலில் பழைய காணொளிகளை வன்தட்டுக்கு மாற்ற வேண்டியிருந்தது.

இணைப்பைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இட்டதும், அனுமதி கோரும் மின்னஞ்சல்கள் வரிசையாக வந்தன. நாம் மாற்றாத வரை கோப்புறை ‘கட்டுப்படுத்தப்பட்டது’ என்ற நிலையில்தான் இருக்கும். இணைப்பு கையில் இருந்தாலும், நாம் சேர்த்தவருக்கே திறக்கும். அதை ‘இணைப்பு உள்ள எவரும்’ என்று மாற்றிய அவசரத்தில், பார்வையாளர் என்பதற்குப் பதிலாகத் திருத்துபவர் என்ற உரிமையைக் கொடுத்துவிட்டேன். இரண்டே நாளில் ஒரு நடவுப் பாட்டைக் காணவில்லை. யாரோ கைதவறி அகற்றியிருக்கிறார்கள். உரிமையாளர் நான் என்பதால் கோப்பு அழியவில்லை. தேடல் பெட்டியில் பெயரை இட்டுக் கண்டெடுத்து, அன்றே அனைவரையும் பார்வையாளர்களாக மாற்றினேன்.

ஒப்பாரிகளை அப்படிப் பொதுவில் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. இளவயதில் இறந்த சித்தப்பாவின் பெயரும், ஆச்சி வேறு எங்கும் வாய்விட்டுச் சொல்லாத மனத்தாங்கல்களும் அவற்றில் வருகின்றன. இணைப்பு என்பது கை மாறிக்கொண்டே போகக்கூடியது. முன்பின் அறியாத ஒருவரிடம் சென்று சேர்ந்தாலும் நமக்குத் தெரியாது. மேலும், ஒரு கோப்புறைக்குக் கொடுத்த அனுமதி அதற்குள் இருக்கும் அனைத்துக்கும் தானாக இறங்கும். ஆகவே ஒப்பாரிகளை அதற்கு வெளியே தனிக் கோப்புறையாக்கி, அப்பா, அத்தை, பெரியப்பா ஆகிய மூவரின் மின்னஞ்சல் முகவரிகளை மட்டும் சேர்த்தேன். பிறகு என் கணக்கில் நுழையாத நிலையில் எப்படித் தெரியும் என்று பார்க்க, உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) இரண்டு இணைப்புகளையும் திறந்து, தாலாட்டு ஒலிப்பதையும் ஒப்பாரி திறக்க மறுப்பதையும் கண்ட பின்புதான் நிம்மதி வந்தது.

கைபேசியில் கேட்பவர்களுக்காக எம்பி3 நகல்களையும் சேர்த்தேன். அவை நிமிடத்துக்கு 1 எம்.பி. அளவே வரும். பாடல் வரிகளைத் தட்டச்சு செய்த ஆவணத்துக்கு மட்டும் கருத்துரைக்கும் உரிமையைக் கொடுத்தேன். நடவுப் பாட்டில் நான் ‘துளி’ என்று எழுதியிருந்த இடத்தில், “அது தொளி, நாற்று நடுகிற சேறு” என்று அத்தை குறிப்பு எழுதியிருந்தார். பதிவை மறுபடியும் கேட்டேன். ஆச்சி தொளி என்றுதான் பாடியிருக்கிறார்.