கண்டி ராஜாவின் கல்லறையிலிருந்து கிறிஸ்துகுல ஆசிரமம் வரை

தவக்காலத்தில் சேத்துப்பட்டு லூர்து மாதா கோவிலுக்கோ வேளாங்கண்ணிக்கோ போகிற கத்தோலிக்க நண்பர்கள் எங்களுக்கு நிறைய உண்டு. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்காரர்களான எங்களுக்கு அப்படி யாத்திரை போகிற பழக்கம் குறைவு. நாங்கள் லெந்து காலம் என்று சொல்லும் இந்தத் தவக்காலத்தில் என் சித்திதான் அதை ஆரம்பித்து வைத்தார். முதல் ஞாயிறு ஆராதனையில் மத்தேயு 4ஆம் அதிகாரம் வாசித்தார்கள். வனாந்தரம், நாற்பது நாள் உபவாசம், மூன்று சோதனைகள். ஆலயத்தை விட்டு வெளியே வந்ததும் சித்தி, "அந்த மூணாவது சோதனைக்கு நம்ம ஊர்லயே பார்க்க வேண்டியது நிறைய இருக்கு. ஒரு நாள் போய்ட்டு வருவோம், வர்றியா?" என்றார். மிஷன் ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சும்மா எதையும் சொல்ல மாட்டார்.

பிசாசு இயேசுவை மிகவும் உயர்ந்த மலையின்மேல் கொண்டுபோய், உலகத்தின் சகல ராஜ்யங்களையும் அவைகளின் மகிமையையும் காட்டுகிறான். "நீர் சாஷ்டாங்கமாய் விழுந்து, என்னைப் பணிந்துகொண்டால், இவைகளையெல்லாம் உமக்குத் தருவேன்" என்கிறான். அந்த ராஜ்யங்களை வைத்துக்கொண்டு அநியாயம் செய் என்று அவன் சொல்லவில்லை. ரோமாபுரி முழுவதும் இயேசுவின் கையில் இருந்திருந்தால் எத்தனை பசி தீர்ந்திருக்கும், எத்தனை வரிச்சுமை இறங்கியிருக்கும்! சோதனையின் இனிப்பே அங்கேதான் இருக்கிறது. கெட்டது செய்ய நினைப்பவர்களுக்குத்தான் அதிகார ஆசை வரும் என்று நினைத்தால் இந்த வசனத்தைப் பாதிதான் வாசித்திருக்கிறோம். நல்லது செய்ய நினைப்பவர்களுக்குத்தான் அது அதிகமாக வருகிறது.

ஒரு சனிக்கிழமை காலை வெயில் ஏறுவதற்கு முன்பே வேலூர் கோட்டைக்குப் போய்விட்டோம். அகழியைத் தாண்டி உள்ளே போனால் ஜலகண்டேஸ்வரர் கோவில், பள்ளிவாசல், அப்புறம் நாங்கள் தேடிப் போன பரிசுத்த யோவான் ஆலயம். 1846இல் கட்டியது. கிழக்கிந்தியக் கும்பெனிப் படைக்காக எழும்பிய ஆலயம். அன்று கதவு பூட்டியிருந்ததால் வாசல்படியிலேயே உட்கார்ந்து ஜெபித்தோம்.

அந்தப் படியில் இருந்தபோது 1806 நினைவுக்கு வந்தது. ஆலயம் கட்டுவதற்கு நாற்பது வருடம் முன்பு, ஜூலை 10ஆம் தேதி விடிவதற்குள் இந்தக் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். நெற்றியில் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையைத்தான் போட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. எல்லோரையும் கிறிஸ்தவர்களாக்கத்தான் இந்த ஏற்பாடு என்ற பேச்சு பரவியது. வேறு காரணங்களும் இருந்தன; திப்புவின் குடும்பத்தார் அப்போது இங்கேதான் காவலில் இருந்தார்கள். அன்றைக்கு இரண்டு பக்கமும் உயிர்கள் போயின. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து அடக்கிய பிறகு நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் செத்துக் கிடந்தார்கள். அவர்கள் நினைவுக்குத்தான் மக்கான் அருகே தூண் நிற்கிறது.

எனக்கு வலிப்பது இதுதான். பாவிகளுக்காக அடிக்கப்பட்டவருடைய பெயரைக் கேட்டதும் இந்த மண்ணின் ஏழைச் சிப்பாய்க்குப் பயம் வந்திருக்கிறது. துப்பாக்கி வைத்திருந்தவன் பக்கத்தில் அந்தப் பெயர் நின்றதால் வந்த பயம். மலைமேல் ஆண்டவர் வேண்டாம் என்று தள்ளியதை அவர் பெயரைச் சொல்லிக்கொண்டவர்கள் கைநீட்டி வாங்கிக்கொண்டால் நடப்பது இதுதான். சுவிசேஷம் கேட்கப்படாமலே போய்விடும்.

பாலாற்றங்கரையில் இருக்கும் முத்து மண்டபத்துக்கு அங்கிருந்து ஆட்டோவில் போனோம். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கரின் கல்லறை அங்கே இருக்கிறது. நாயக்கர் வம்சம், இளமைப் பெயர் கண்ணுசாமி. 1798இல் பட்டத்துக்கு வந்தார். 1815இல் பிடிபட்டார். சொந்தப் பிரதானிகளே வெள்ளைக்காரனோடு உடன்படிக்கை செய்து ராஜ்யத்தை ஒப்படைத்துவிட்டார்கள். 1816 முதல் 1832இல் சாகும்வரை வேலூர்க் கோட்டையில் கைதி. சிங்களத் தீவின் மலைகளைப் பார்த்து வளர்ந்தவர், வேலூரின் மொட்டைப் பாறை மலைகளைப் பார்த்துக்கொண்டே பதினாறு வருடம்.

சித்தி கல்லறை முன்னால் நின்று தலையைக் குனிந்துகொண்டார். "பாவம்டி, இந்த மனுஷன். மகிமை மகிமைன்னு பிசாசு காட்டினானே, அது இவ்வளவுதான்னு சொல்லி யாரும் காட்டறதில்ல" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. கண்டி அரசரைக் குற்றம் சொல்ல நாங்கள் யார்? அவரைப் பிடித்த சாம்ராஜ்யமும் இன்றைக்கு இல்லை.

அடுத்தது சி.எம்.சி., இடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. சித்திக்கு அது தாய்வீடு. இடா ஸ்கடர் ரோட்டில் நடக்கும்போதே நாம் தமிழ்நாட்டில்தான் இருக்கிறோமா என்று தோன்றும். பாதிப் பலகைகள் வங்காளத்தில், மெஸ்களில் மீன் குழம்பு வாசனை, கையில் ஃபைலும் எக்ஸ்ரே கவருமாக ஜார்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த ஜனங்கள். வயதான ஒருவர் கையிலிருந்த சீட்டைக் காட்டி ஏதோ கேட்டார். சித்தி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "சோஜா ஜான், தாதா" என்று கையை நீட்டி வழி சொன்னார். நோயாளிகளிடம் கற்றுக்கொண்ட வங்காளம். அந்தப் பெரியவர் போன பிறகும், சரியான வாசலில்தான் நுழைகிறாரா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

இடா ஸ்கடர் கதை எங்கள் பக்கத்தில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்காவிலேயே இருந்துவிட வேண்டும் என்றுதான் அவருக்கு ஆசை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராகக் கதவைத் தட்டினார்கள். மூன்று வீட்டிலும் பிரசவ வேதனை; ஆண் டாக்டர் வேண்டாம், நீங்கள் வாருங்கள் என்றார்கள். இவருக்கு வைத்தியம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் செத்துப்போயிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் டாக்டருக்குப் படித்து 1900இல் திரும்பி வந்தார்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இங்கே சொல்லியாக வேண்டும். வேலூரில் பெண்களுக்கு ஆஸ்பத்திரி கட்ட அவர் 8,000 டாலர் திரட்டக் கிளம்பினார். ஷெல் என்ற பணக்காரர் தன் இறந்துபோன மனைவி நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1902இல் அந்த அம்மாள் பெயரிலேயே ஆஸ்பத்திரி திறந்தது. ஆகவே பணமே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பணம் இடா அம்மையாரிடம் தங்காமல் பிரசவ அறைக்குப் போய்ச் சேர்ந்தது. பணம் யாரிடம் போய் நிற்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சி.எம்.சி.யின் குறிக்கோள் வசனம் எல்லோருக்கும் தெரிந்தது: ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவே வந்தார். மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் அந்த வசனத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு தாய் வருகிறாள். செபெதேயுவின் மனைவி. உமது ராஜ்யத்தில் என் இரண்டு பிள்ளைகளில் ஒருவன் வலதுபக்கமும் ஒருவன் இடதுபக்கமும் உட்கார வேண்டும் என்று ஆண்டவரைப் பணிந்து கேட்கிறாள். இந்தத் தாயைப் பற்றிப் பிரசங்கங்களில் இளக்காரமாகப் பேசக் கேட்டிருக்கிறேன். என்னால் அப்படிப் பேச முடியாது.

ஏனென்றால் அந்த வாரம்தான் எங்கள் சபையிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கமிட்டித் தேர்தல் வருகிறது. "எங்க அணியில லேடீஸ் சீட் ஒண்ணு காலியா இருக்கு மேடம். நீங்க நின்னா நம்ம பக்கம் ஜெயிச்சிடும். ஏழைப் பிள்ளைங்க ஃபீஸ், கல்லறைத் தோட்டம் சுவர், எல்லாம் நீங்க ஆசைப்பட்டபடி செய்யலாம்" என்றார்கள். காபி குடித்து முடித்து எழுந்திருக்கும்போது, "தம்பி பி.எட். முடிச்சிட்டு சும்மாதானே இருக்கார்? நம்ம ஸ்கூல்லயே பார்த்துக்கலாம்" என்றார்கள். கேட்டது ஒன்றே ஒன்று: பழைய கணக்குகளைப் பற்றி நான் சபைக் கூட்டத்தில் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வியை இனிமேல் கேட்கக் கூடாது.

ஏழைப் பிள்ளைகளின் ஃபீஸ், என் மகனின் வேலை. இரண்டும் நல்ல காரியங்கள். இரண்டுக்கும் நான் ஜெபித்திருக்கிறேன். மலைமேல் காட்டப்பட்டது எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் புரிந்தது. சித்தியிடம் பஸ்ஸில் எல்லாவற்றையும் சொன்னேன். ஆம்பூர் வரை அவர் வாயைத் திறக்கவில்லை.

வழி நெடுகப் பாலாறு மணலாகக் கிடந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் தோல் பதனிட்டு ஏற்றுமதி செய்து ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்ட ஊர்கள். அந்தக் கழிவு கிணறுகளைக் கெடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996இல் தீர்ப்பானது. அதைப் பேச ஆரம்பித்தால் தனியாக எழுத வேண்டும்.

மத்தியானம் திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமம் போய்ச் சேர்ந்தோம். இங்கே வரத்தான் சித்தி இவ்வளவு சுற்றியிருக்கிறார் என்று உள்ளே நுழைந்ததும் தெரிந்துவிட்டது. 1921இல் இரண்டு டாக்டர்கள் தொடங்கிய இடம். ஒருவர் சவரிராயன் ஜேசுதாசன், பாளையங்கோட்டைக்காரர். இன்னொருவர் எர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டன், ஸ்காட்லாந்துக்காரர். பேட்டன் குடும்பம் அலோவா என்ற ஊரில் கம்பளி நூல் ஆலை நடத்திய பெரிய செல்வந்தக் குடும்பம். அந்த வீட்டுப் பிள்ளை கதர் கட்டிக்கொண்டு, கல்யாணம் செய்துகொள்ளாமல், திருப்பத்தூர் கிராமத்து ஜனங்களுக்கு வைத்தியம் பார்த்தார்.

ஜெபாலயம் நம் கோவில்களைப் போலவே கோபுரத்தோடு திராவிட முறையில் கட்டப்பட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் உட்கார்ந்தோம். வெளியே அடித்த வெயிலுக்குக் கல் தரை குளிர்ச்சியாக இருந்தது. சித்திக்கு மூட்டு வலி. தூணில் சாய்ந்து ஒரு காலை நீட்டிக்கொண்டார். முதுகில் டேப் ஒட்டிய தன் பழைய வேதாகமத்தைத் திறந்து, யோவான் 6ஆம் அதிகாரத்தில் 15ஆம் வசனத்தை வாசித்தார். ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்த பிறகு ஜனங்கள் தம்மை ராஜாவாக்கப் பிடித்துக்கொண்டு போக மனதாயிருக்கிறார்கள் என்று அறிந்து, இயேசு "மறுபடியும் விலகித் தனியே மலையின்மேல் ஏறினார்." வனாந்தரத்தில் பிசாசு கொடுத்ததையே இங்கே அன்பான ஜனங்கள் கொடுக்கிறார்கள். பதில் மாறவில்லை. சோதனை ஒரு தடவையோடு முடிகிற காரியம் இல்லை என்று எனக்கு அங்கே தோன்றியது. பசி தீர்ந்தவர்களின் நன்றியிலும் அது வரும்.

ஆசிரமத்தில் ஜேசுதாசனைப் பெரியண்ணன் என்றும் பேட்டனைச் சின்னண்ணன் என்றும் அழைத்தார்கள். வயதிலும் அவர் இளையவர்தான். ஆனால் அது 1921. வெள்ளைக்காரன் எங்கே போனாலும் தலைமை நாற்காலி அவனுக்கென்றே போட்டிருந்த காலம். மிஷன் பங்களாக்களிலும் அப்படித்தான். பணத்தை விடுவதைவிட அந்த நாற்காலியை விடுவது கடினம் என்று நினைக்கிறேன். பணத்தை விட்டவனை உலகம் புகழும். இரண்டாவது இடத்தில் வருடக்கணக்காக உட்கார்ந்திருப்பவனை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

1932இல் சென்னையில் அந்நியத் துணி மறியல் நடந்த இடத்தில் கதர் உடையில் நின்ற பேட்டனைப் போலீஸார் அடித்துக் கைது செய்தார்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வி எழும் அளவுக்கு அது பெரிதானது. தான் யார், எந்தக் குடும்பம் என்று உரக்கச் சொல்லித் தப்பிக்கக்கூடிய மனிதர், திரும்பவும் இந்தத் திருப்பத்தூருக்கே வந்து, 1970இல் இறக்கும்வரை சின்னண்ணனாகவே இருந்தார்.

நான் சித்தியிடம், "அப்போ எந்தப் பதவியுமே வேண்டாம்னு சொல்லிடணும், இல்லையா சித்தி?" என்றேன்.

"அது எப்படி? இங்க பெரியண்ணன்னு ஒருத்தர் இருந்தாரே. அந்த இடத்துல அவர் உட்காரலன்னா ஆசிரமம் ஏது? யாராவது பொறுப்பு எடுத்துத்தான் ஆகணும். நீயும் நின்னா நில்லு. ஆனா கேள்வியை விலையா கொடுத்து வாங்காத. பையனையும் அந்தக் கணக்குல சேர்க்காத."

சித்தி சொன்னதை இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒதுங்கிக்கொள்வது சில சமயம் பரிசுத்தம், சில சமயம் சோம்பல். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஜெபம் வேண்டியிருக்கிறது. இந்தத் தேர்தலைப் பொறுத்தவரை எனக்குச் சந்தேகம் இல்லாமல் போயிற்று. திங்கட்கிழமை அவர்களுக்குப் போன் போட்டு, உங்கள் அணியில் நிற்கவில்லை, கணக்கைப் பற்றி வருடாந்தரக் கூட்டத்தில் மறுபடியும் கேட்பேன் என்று சொல்லிவிட்டேன். மரியாதையாகவே பேசி வைத்தார்கள்.

மகனிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவன் வேலையும் அதில் அடங்கியிருந்ததே. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "நீங்க என்கிட்ட முன்னாடியே கேட்டிருந்தா நானும் அதைத்தான்மா சொல்லியிருப்பேன்" என்றான். டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வுக்குத் திரும்பவும் படிக்க ஆரம்பித்திருக்கிறான். குடும்ப ஜெபத்தில் அவன் வேலைக்காகக் கேட்கிறோம். அந்த இரண்டு பேருக்காகவும் கேட்கிறோம். அவர்களும் எங்கள் சபைதான், ஞாயிறு தோறும் அதே பந்தியில்தான் அப்பமும் ரசமும் எடுக்கிறோம்.