திருக்கடையூர்ச் சீட்டு

மயிலாடுதுறை சந்திப்பின் டிக்கெட் கவுண்டரில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, தரங்கம்பாடிக் கிளைப்பாதைக்கு இன்னும் சில ஆண்டுகளே மிஞ்சியிருந்தன. 1926இல் திறக்கப்பட்ட அந்த மீட்டர்கேஜ் பாதை செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார் என்று ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வயல்களினூடே சென்று கடலோரத்தில் முடிந்தது. திருக்கடையூர் போன்ற நிலையங்களில் வருமானமே இல்லை, மக்கள் பேருந்துக்கு மாறிவிட்டார்கள், அதனால்தான் பாதையை மூடினார்கள் என்று சொல்வதுண்டு.

அப்போதெல்லாம் கெட்டி அட்டைச் சீட்டுகள்தாம். ஒவ்வோர் ஊருக்கும் உரிய சீட்டுகள் அலமாரியில் தனித்தனியாக வரிசை எண்படி அடுக்கப்பட்டிருக்கும். அடியிலிருந்து ஒன்றை உருவி, தேதி பொறிக்கும் இயந்திரத்தில் ஒருமுறை அழுத்திக் கொடுப்போம். வண்டி புறப்பட்டதும் தொடக்க எண்ணையும் முடிவு எண்ணையும் பேரேட்டில் எழுதிக் கழித்துப் பார்த்தால், எந்த ஊருக்கு எத்தனை பேர் போனார்கள் என்பது தெரிந்துவிடும். முகூர்த்த நாள்களில் திருக்கடையூர் அடுக்குதான் விரைவாகக் கரையும். அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் பெற்றோரை அழைத்துக்கொண்டு, மாலைக் கூடையும் பட்சணப் பாத்திரமுமாக வரும் குடும்பங்களுக்குச் சீட்டுக் கொடுப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை.

ஆனால் அந்தச் சீட்டுகளின் பணம் எங்கள் நிலையத்தின் வருமானமாகவே பதிவாயிற்று. சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ நேரே சீட்டு வாங்கி வந்தவர்களின் பணம் அந்தந்த நிலையத்துக் கணக்கில் சேர்ந்தது. திரும்பிப் போகிறவர்கள் வாங்கியது மட்டுமே திருக்கடையூரின் பெயரில் நின்றது. பேருந்துகள் அடிக்கடி ஓடின, கோயிலுக்கு அருகிலேயே இறக்கிவிட்டன என்பதையும் நான் மறுக்கவில்லை; எனினும், வருகிறவர்களை எண்ணாமல் புறப்படுகிறவர்களை மட்டும் எண்ணினால், யாத்திரைத் தலத்தின் நிலையம் எப்போதும் ஏழையாகத்தான் தெரியும் என்பதைப் பேரேடு எழுதிய கை அறியும்.

1986இல் போக்குவரத்து நின்றது. பின்னாளில் தண்டவாளங்களும் பெயர்க்கப்பட்டன. பாதை மூடிய வாரத்தில் கிளைப்பாதைச் சீட்டுகளைக் கணக்கு அலுவலகத்துக்குத் திருப்பியனுப்பும் பொறுப்பு எனக்கு வந்தது. திருக்கடையூர் அடுக்கை எடுத்து, முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் இருமுறை சரிபார்த்து, நூலால் கட்டினேன். அலமாரியில் அதன் பெயர் எழுதி ஒட்டியிருந்த தாளைக் கிழிக்கச் சொல்லி யாரும் உத்தரவிடவில்லை, நானும் கிழிக்கவில்லை.